ஒன்ராறியோக் குளிருக்கு விறகு வாங்குவது எப்படி?

ரொறன்ரோவுக்கு வடக்கே இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறோம். இயற்கை எரிவாயுக் குழாய் இந்தப் பக்கம் வரவில்லை. குளிர்காலம் முழுக்க எங்களுக்கு விறகு அடுப்புத்தான். வந்த முதல் ஆண்டு அக்டோபரில் அவசரமாக விறகு தேடினேன். "நன்றாகக் காய்ந்தது" என்று சொல்லி ஒருவர் வண்டியில் கொண்டுவந்து முற்றத்தில் கொட்டிவிட்டுப் போனார். அடுப்பில் வைத்தால் கட்டையின் முனைகளில் நுரை தள்ளியது, சீறியது, அடுப்புக் கண்ணாடி கறுத்தது. வீடு மட்டும் சூடேறவில்லை.

ஊரில் அம்மா மழைக்காலத்துக்கு முன்பே அடுப்புக்கு மேலே பரணில் விறகை அடுக்கிவிடுவார். ஏன் என்று எனக்கு அந்தக் குளிரில்தான் முழுதாக விளங்கியது. வெட்டிய புதிதில் மரத்தின் எடையில் பாதி வரைகூடத் தண்ணீராக இருக்கும். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கவே நெருப்பின் சூட்டில் ஒரு பங்கு போய்விடும். அதைவிட ஆபத்தானது புகை. ஈர விறகின் குளிர்ந்த புகை, புகைபோக்கியின் உட்சுவரில் தாரைப் போல ஒட்டிக்கொள்ளும். கிரியோசோட் என்பார்கள். அது தடித்து ஒருநாள் பற்றிக்கொண்டால் வீடே எரியும். ஆகவே முதன்முதலாக விறகு வாங்குகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் ஈரத்தைப் பார்க்க மறக்க வேண்டாம்.

1. வசந்த காலத்திலேயே வாங்குங்கள்

ஏப்ரல், மே மாதங்களில் வாங்கி அடுக்கினால் கோடை வெயிலும் காற்றும் மிச்ச ஈரத்தை எடுத்துவிடும். அக்டோபரில் நல்ல விறகு பெரும்பாலும் விற்றுத் தீர்ந்திருக்கும். முடிந்தால் ஓராண்டு முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

2. மரத்தின் பெயரைக் கேளுங்கள்

எடைக்கு எடை பார்த்தால் எல்லாக் காய்ந்த மரமும் ஏறக்குறைய ஒரே அளவு சூட்டைத்தான் தரும். நாம் விறகை எடைபோட்டு வாங்குவதில்லை, இடம் அளந்து வாங்குகிறோம். அதனால் அடர்த்தியான மரமே லாபம். ஒரே அளவு அடுக்கில், சர்க்கரை மேப்பிள் வெள்ளைப் பைனைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு சூடு தரும். மேப்பிள், ஓக், பீச், ஆஷ், மஞ்சள் பேர்ச் எல்லாம் இரவு தாங்கும் விறகு. பொப்லர், பைன், ஸ்ப்ரூஸ் இலேசானவை. நெருப்பு மூட்டவும் அதிகக் குளிரில்லாத இலையுதிர்கால மாலைகளுக்கும் போதும்.

ஓக் வாங்கும்போது மட்டும் இன்னும் கவனமாக இருங்கள். வைரம் பாய்ந்த அந்த மரம் காய ஒரு கோடை போதாது, இரண்டாவது வேண்டும். ஆஷ் அப்படியல்ல, அதன் பச்சை மரத்திலேயே ஈரம் குறைவு.

3. ஈரத்தைச் சோதியுங்கள்

விற்பவரின் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். வண்டியிலிருந்து இறக்கும் முன்பே நாலைந்து கட்டைகளைக் கையில் எடுங்கள், மேலே கிடப்பவை மட்டுமல்ல, நடுவிலிருந்தும். காய்ந்த கட்டை அதன் பருமனுக்கு இலேசாக இருக்கும், முனைகளில் வெடிப்பு ஓடியிருக்கும், நிறம் மங்கியிருக்கும், பட்டை கையோடு கழன்று வரும். இரண்டு கட்டைகளை மோதினால் கணீர் என்று கேட்க வேண்டும். "தொப்" என்று கேட்டால் உள்ளே தண்ணீர்.

வெடிப்பை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். முனை சீக்கிரம் காய்ந்து வெடித்துவிடும், நடு மரம் பச்சையாகவே இருக்கும். நான் ஏமாந்தது அப்படித்தான். இரும்புக் கடைகளில் ஈரமானி என்று கைக்கடக்கமான ஒரு கருவி கிடைக்கும், அதிக விலை இல்லை. அதை வெளிப்புறத்திலோ முனையிலோ குத்திப் பயனில்லை. ஒரு கட்டையைக் கோடரியால் பிளந்து, புதிதாகத் தெரியும் உள்முகத்தில், நார் ஓடும் திசையில் ஊசிகளைக் குத்துங்கள். 20 சதவீதமோ அதற்குக் கீழோ காட்டினால் உடனே எரிக்கலாம். 25, 30 என்றால் அடுத்த ஆண்டுக்கான விறகு. விலையையும் அப்படியே பேசுங்கள். உறைந்த கட்டையில் கருவி தவறாகக் காட்டும். குளிர்காலத்தில் வாங்கினால் ஒரு கட்டையை வீட்டுக்குள் வைத்துச் சூடான பிறகு பாருங்கள்.

4. அளவைக் கணக்குப் போடுங்கள்

ஒரு முழுக் கோர்ட் என்பது 4 அடி உயரம், 4 அடி ஆழம், 8 அடி நீளத்துக்கு நெருக்கமாக அடுக்கிய விறகு. மொத்தம் 128 கன அடி. விளம்பரங்களில் அதிகம் காண்பது "ஃபேஸ் கோர்ட்". முன்னால் நின்று பார்த்தால் அதே 4க்கு 8 அடிதான். ஆழமோ ஒரு கட்டை நீளம். கட்டை 16 அங்குலம் என்றால் அது முழுக் கோர்ட்டின் மூன்றில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 43 கன அடி. கட்டை 12 அங்குலமாகக் குறைந்தால் கால் பங்குதான் கிடைக்கும். ஆகவே "எத்தனை கன அடி? கட்டை எவ்வளவு நீளம்?" என்று கேட்டு, விலையைக் கன அடிக்கு வகுத்துப் பாருங்கள். கொட்டிய குவியல் பெரிதாகத்தான் தெரியும். அடுக்கி அளந்த பிறகு காசு கொடுப்பது நல்லது.

கட்டை உங்கள் அடுப்புக்குள் போகுமா என்பதையும் முதலே அளந்துகொள்ளுங்கள்.

5. அருகில் வாங்குங்கள்

2002இல் வின்ட்சர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு இந்த மாகாணத்தின் ஆஷ் மரங்களைக் கொன்றுகொண்டே வருகிறது. அது புதிய காடுகளுக்குப் போகும் வழிகளில் ஒன்று நாம் காரில் ஏற்றிச் செல்லும் விறகு. அதனால்தான் விறகைத் தூர இடங்களுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்கிறார்கள். நூறு மைல் தள்ளி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். எங்கள் காணியிலேயே அப்படிப் பட்டுப்போன ஆஷ் மரங்கள் நிற்கின்றன, பார்க்கவே கவலையாக இருக்கிறது.

6. அடுக்கி வையுங்கள்

மண்ணில் படாமல் மரப் பலகைத் தட்டுகள் மேல், வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, காற்று புகும் இடத்தில் அடுக்குங்கள். மேலே மட்டும் மூடுங்கள். தார்ப்பாயால் நான்கு பக்கமும் போர்த்தினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுக்குள் சில நாள் விறகு போதும், அதிகம் கொண்டுவந்தால் பூச்சிகளும் கூடவே வரும்.

வரிசையின் முதல் கட்டையில் மரத்தின் பெயர், வாங்கிய மாதம், ஆண்டு மூன்றையும் பெயின்ற்றால் எழுதிவிடுங்கள். அடுத்த வசந்தத்தில் புது விறகு பக்கத்தில் வந்து சேரும்போது, எதை முதலில் எரிப்பது என்று தடுமாற வேண்டியிருக்காது.