வெந்நீர்த் தொட்டி வைத்த கூடாரமா? பணம் கட்டும் முன் ஒரு போன் போடுங்கள்

களியக்காவிளை, பாறசாலைப் பக்கம் இருக்கிறவர்கள் வார இறுதிக்குத் திருவனந்தபுரத்தைச் சுற்றி, கோவளம் பூவாறு கடற்கரையிலோ பொன்முடி மலைப்பக்கமோ சொகுசுக் கூடாரம் தேடினால், படத்தில் திறந்தவெளி வெந்நீர்த் தொட்டியைப் பார்த்ததுமே பணம் கட்டிவிடாதீர்கள். தண்ணீரை எத்தனை மணிக்குச் சூடாக்கத் தொடங்குவீர்கள் என்று முதலில் கேளுங்கள். 1,000 லிட்டர் தண்ணீரை 26 டிகிரியிலிருந்து 39 டிகிரிக்கு ஏற்ற 3 கிலோவாட் ஹீட்டருக்கு 5 மணி நேரமாவது பிடிக்கும். போன டிசம்பரில் நாங்கள் போய் இறங்கின பிறகுதான் சுவிட்சையே போட்டார்கள். பிள்ளைகள் துண்டைப் போர்த்திக்கொண்டு படியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்கள், எனக்கு மனசே ஆறவில்லை.

அப்புறம், தண்ணீரில் குளோரின் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற சோதனைப் பட்டைகளைக் கையோடு கொண்டுபோங்கள். கிருமியைக் கொல்லும் குளோரின் சூட்டில் சீக்கிரம் போய்விடும். அது 3 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 3 பங்குக்கு) குறைந்தாலோ, தொட்டியின் உள்பக்கத்தைத் தடவும்போது வழுவழுவென்று கையில் ஒட்டினாலோ இறங்கவே வேண்டாம். சூடு 40 டிகிரியைத் தாண்டக் கூடாது, ஒரு தடவைக்கு 15 நிமிடம் போதும். 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை இறக்காதீர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

ஜூன், ஜூலையில் போவதென்றால் தொட்டிக்கு மேல் கூரை உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.