மரக்கட்டை உருவாவதைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

'கட்டையை உண்டாக்கும் மரபணு எது?' என்று தேடுவதில்தான் முதல் சறுக்கல். அப்படித் தனியாக ஒன்று கிடையாது. கடுகு இனத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ், கட்டை வைக்காத ஒரு சிறு செடி. பூக்கும் காலத்தைத் தீர்மானிக்கும் எஸ்ஓசி1, எஃப்யூஎல் என்ற இரண்டு மரபணுக்களை அதில் சேர்த்து முடக்கியபோது, தண்டில் கட்டை வைத்துவிட்டது. 2008-ல் வெளியான முடிவு இது. கட்டைக்கு வேண்டிய மரபணுக்கள் இப்படிப்பட்ட சிறு செடியிலும் இருக்கின்றன. எங்கே, எப்போது, எவ்வளவு காலம் வேலை செய்கின்றன என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அதனால்தான் எந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்என்ஏவைத் தண்டை மொத்தமாக அரைத்து எடுப்பது வீண். வளரும் பருவத்தில் பட்டையை உரித்தால் கட்டையின் மேல் ஈரமாக, வழுவழுவென்று ஒரு படலம் தெரியும். வளர்ந்துகொண்டிருக்கும் சைலம், அதாவது கட்டையாக மாறும் நீர் கடத்தும் திசு, அதுதான். பிளேடால் சுரண்டி உடனே திரவ நைட்ரஜனில் போட வேண்டும். கேம்பியத்தில் (பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே புதுச் செல்களை உண்டாக்கும் அடுக்கு) பிறந்த செல் பெருத்து, முதல் சுவருக்கு உள்ளே தடித்த இரண்டாம் சுவர் கட்டி, அதில் லிக்னின் என்ற இறுக்கும் பொருள் ஏறி, கடைசியில் சாவது எல்லாமே அடுத்தடுத்த சில அடுக்குகளுக்குள் நடக்கிறது. அந்தச் சாவும் திட்டத்தின் பகுதியே: நீர்க்குழாய்ச் செல்களில் விஎன்டி7 புரதம் சுவர் கட்டும் மரபணுக்களையும் செல்லைக் கொல்லும் மரபணுக்களையும் சேர்த்தே முடுக்கிவிடுகிறது. இதை வைத்துக் கட்டை முழுவதும் செத்த திசு என்றும் எழுதிவிடாதீர்கள். கட்டையில் குறுக்காக ஓடும் கதிர்ச் செல்கள் பல வருடம் உயிரோடிருக்கும்.

அப்புறம், அரபிடாப்சிஸில் பார்த்ததை அப்படியே பாப்லர் மரத்துக்கு ஏற்றுவது. 2006-ல் பாப்லரின் மரபணுத்தொகுப்பு வெளியானபோதே, அது முன்னொரு காலத்தில் முழுசாக இரட்டிப்பானது தெரிந்தது. அதனால் பல மரபணுக்களுக்கு அதில் இரண்டு பிரதிகள் உண்டு; ஒரு பிரதியை மட்டும் முடக்கிவிட்டு 'விளைவு இல்லை' என்று முடிவு கட்டக் கூடாது.

லிக்னினைக் குறைத்தால் நல்லது என்ற நினைப்புதான் விலை அதிகமான தவறு. லிக்னின் தயாரிப்பில் வேலை செய்யும் சிசிஆர் என்சைமைக் குறைத்த பாப்லர்களைப் பெல்ஜியத்திலும் பிரான்சிலும் வயலில் வளர்த்துப் பார்த்தார்கள். கட்டையில் திட்டுத்திட்டாக ஒயின் சிவப்பு. அந்தப் பகுதியிலிருந்து எத்தனால் கூடுதலாகக் கிடைத்தது, ஆனால் மரத்தின் வளர்ச்சி அடிபட்டது. சுவர் பலவீனமானால் நீர்க்குழாய்கள் உள்நோக்கி நசுங்கிவிடும். மாறாக, எஃப்5எச் மரபணுவைக் கூட்டி லிக்னினின் சேர்மானத்தை மாற்றினால் காகிதக்கூழ் எடுப்பது சுலபமாகிறது. எவ்வளவு லிக்னின் என்பதோடு எந்த வகை லிக்னின் என்றும் கேளுங்கள்.

பனை, தென்னையை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவற்றில் இந்தக் கேம்பியமே இல்லை. பனையின் வைரம் வெளிப்புறத்தில் நெருக்கமாக அடுக்கிய நார்க்கற்றைகளால் வருவது.