ஸ்ட்ரெச் மார்க்குக்கு ட்ரீட்மெண்ட் எடுக்கலாமா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா பாருங்க

ரெண்டாவது பிள்ளை பொறந்து பத்து மாசம் கழிச்சு ஒரு விசேஷத்துக்கு கண்டாங்கி கட்டும்போதுதான் இடுப்புல ஓடுற வரி எல்லாம் என் கண்ணுல பட்டுச்சு. அப்பத்தாகிட்ட காமிச்சா, "பிள்ளை பெத்த வயிறுன்னா அப்படித்தான்டி இருக்கும், எனக்கும் இருக்கு பாரு"ன்னாக. அவுக சொன்னதும் சரிதான், இது நோய் இல்ல, உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்ல. ஆனா கொறைக்கணும்னு தோணுச்சுன்னா அதுவும் தப்பில்ல. காரைக்குடியில இருந்து மதுரைக்கு அலைஞ்சு நான் தெரிஞ்சுக்கிட்டதை, இப்பதான் யோசிக்க ஆரம்பிக்கிறவங்களுக்காக வரிசையா சொல்றேன்.

முதல் ஸ்டெப்: போட்டோ எடுங்க

பாத்ரூம் லைட்டுல வேண்டாம். வளவு வாசல்ல, அதாவது வீட்டு நடு முற்றத்துல, காலை வெளிச்சம் விழுமே, அந்த மாதிரி இடத்துல ஆள் இல்லாத நேரமா பாத்து நின்னு எடுங்க. மாசம் ஒருதடவை அதே இடம், அதே நேரம். எதுக்குன்னா எந்த ட்ரீட்மெண்டுக்கும் கலர்தான் ஆரம்பம். சிவப்பா, ஊதாவா, நம்ம நெறத்துல சிலபேருக்கு கரும்பழுப்பா இருந்தா அது புது வரி, அங்க இன்னும் ரத்த ஓட்டம் இருக்கு, அதனால ட்ரீட்மெண்டுக்கு ஓரளவு கேக்கும். வெள்ளையாகி லேசா பள்ளமாயிட்டா பழசு, அது கஷ்டம். தோலோட உள் அடுக்குல உறுதியும் இழுவையும் குடுக்குற கொலாஜன், எலாஸ்டின்ங்கற நாரெல்லாம் இழுபட்டு அறுந்து ஆறின தழும்புதான் இது, அதனால "முழுசா போயிரும்"னு யார் சொன்னாலும் நம்பாதீங்க, மங்கும், மேடு பள்ளம் கொறையும், அவ்வளவுதான், அந்த அளவு உங்களுக்குப் போதுமான்னு முதல்லயே முடிவு பண்ணிக்கங்க.

ரெண்டாவது: எதனால வந்துச்சு?

கர்ப்பம், வயசுக்கு வர்ற காலத்துல சட்டுனு வளர்றது, வெயிட் ஏறுறது, ஜிம்முல வேகமா உடம்பு ஏத்துறது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச காரணம். நான் பயப்படுறது இன்னொண்ணுக்கு. தொடை இடுக்குல படர்தாமரை வந்தா நேரா மெடிக்கல் ஷாப்புல போயி ஒரு ட்யூப் வாங்கி மாசக்கணக்கா தடவுறோம்ல, அதுல நெறைய ட்யூப்ல ஸ்டீராய்டு கலந்திருக்கும், அது தோலை மெலிசாக்கி அதே இடத்துல பட்டை பட்டையா வரி விழ வச்சிரும். ட்யூப் பின்னாடி பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால்னு பேர் இருக்கான்னு பாருங்க, இருந்தா டாக்டர்கிட்ட காமிச்சு கேட்டுட்டு நிறுத்துங்க. காரணமே இல்லாம அகலமா ஊதா வரி வந்து, முகம் உப்பி, பிபி, சுகரும் ஏறுச்சுன்னா அழகு ட்ரீட்மெண்ட் பேச்சே வேண்டாம், முதல்ல பொது மருத்துவரைப் பாருங்க, ஹார்மோன் பிரச்சனையா இருக்கலாம்.

மூணாவது: காத்திருக்கலாமா?

பிரசவம் ஆகி ஆறு மாசம், ஒரு வருஷத்துல நெறைய பேருக்கு தானாவே மங்கிரும். அடுத்த பிள்ளை எண்ணம் இருந்தா இப்ப செலவு பண்ணாதீங்க, வயிறு மறுபடி விரியும். தேங்காய் எண்ணெய், வெளக்கெண்ணெய், கோகோ பட்டர் தடவுனா அரிப்பு அடங்கும், வறட்சி போகும், வரி போகாது.

நாலாவது: டாக்டர்

தோல் டாக்டர், அதாவது எம்.பி.பி.எஸ் முடிச்சு தோல் படிப்பு படிச்சவங்க. அழகு நிலையம் இல்ல. இதை நான் அழுத்திச் சொல்றதுக்கு காரணம் இருக்கு. எங்க அண்ணமிண்டி (அண்ணன் பொண்டாட்டி) ஒரு பார்லர்ல ஆஃபர்னு ஆறு சிட்டிங்குக்கு மொத்தமா பணம் கட்டி லேசர் வச்சாக, ரெண்டாவது சிட்டிங்லயே வரி இருந்த இடமெல்லாம் கருத்துப் போச்சு, அது மங்கவே ஒரு வருஷம் ஆச்சு, அவுக அழுதது எனக்கு இன்னும் மனசுல நிக்குது. மாநிறம், கருப்பு நெறத் தோல்ல லேசர் சூடு கூடுனா கருமை படியும், நமக்கு இருக்குற பெரிய ரிஸ்க்கே அதுதான்.

அதனால டாக்டர்கிட்ட கேளுங்க: என் நெறத்துக்கு எவ்வளவு பவர் வைப்பீங்க? மறைவா ஒரு சின்ன இடத்துல டெஸ்ட் பண்ணி சில வாரம் பாத்துட்டு செய்யலாமா? மொத்தம் எத்தனை சிட்டிங், எவ்வளவு ஆகும்? இன்சூரன்ஸ்ல பொதுவா இது வராது, கைக்காசுதான். மேடான தழும்பு வர்ற உடம்பா, முகப்பருவுக்கு மாத்திரை எடுக்குறீங்களா, இதெல்லாம் நீங்களா சொல்லிருங்க.

அஞ்சாவது: என்னென்ன இருக்கு?

புது வரிக்கு ட்ரெட்டினாயின்னு வைட்டமின் ஏ வகை க்ரீம் எழுதுவாங்க. கர்ப்பமா இருந்தாலோ, ஆகுற எண்ணம் இருந்தாலோ தொடவே கூடாது, பால் குடுக்குறவங்க கட்டாயம் சொல்லணும். சிவப்பு வரிக்கு பல்ஸ்டு டை லேசர், அது ரத்தக் குழாயைக் குறிவச்சு சிவப்பைக் கொறைக்கிறது; வெள்ளை வரிக்கு ஃப்ராக்ஷனல் லேசர், அது புள்ளி புள்ளியா சூடு வச்சு புது கொலாஜன் வர வைக்கிறது. இன்னொண்ணு மைக்ரோநீட்லிங், சின்ன ஊசியால குத்தி புது கொலாஜன் வர வைக்கிறது, இதுல சூடு இல்லாததால கருக்குற பயம் லேசரை விட கொறைவு, எங்கிட்ட கேட்டா நம்ம தோலுக்கு முதல்ல இதைத்தான் விசாரிங்கன்னு சொல்லுவேன். ஆன்லைன்ல ரோலர் வாங்கி வீட்டுலயே உருட்டாதீங்க, சீழ் வச்சிரும்.

பொதுவா மூணுல இருந்து ஆறு சிட்டிங், நடுவுல ஒரு மாசம் போல இடைவெளி, பலன் தெரிய இன்னும் ரெண்டு மூணு மாசம். ஆவணியில வீட்டுல கல்யாணம்னா தையிலயே டாக்டரைப் பாத்துருங்க, கடைசி மாசத்துல போயி நிக்காதீங்க.

ஆறாவது: ட்ரீட்மெண்ட் எடுத்துட்டு வந்த பிறகு

சிவப்பு, லேசான வீக்கம் சில நாள் இருக்கும். சொறியாதீங்க, பொருக்கைப் பிய்க்காதீங்க. கை, கெண்டைக்கால்னா சன்ஸ்கிரீன் போடாம வெளிய போகாதீங்க, நம்ம ஊரு வெயில் தெரியும்ல. இடுப்புல செஞ்சிருந்தா பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டாதீங்க, அது உரசி உரசியே கருக்கும். நான் மூணு வாரம் நைட்டியிலதான் இருந்தேன், வெளிய போனா தொளதொளன்னு சுடிதார். கொப்புளம், சீழ், காய்ச்சல் வந்தா அன்னைக்கே டாக்டருக்கு போன் போடுங்க.

எனக்கு நாலு சிட்டிங் மைக்ரோநீட்லிங் ஆச்சு. போட்டோவை பக்கத்துல வச்சுப் பாத்தா பாதி அளவுக்கு மங்கியிருக்கு, தடவிப் பாத்தா பள்ளம் கொறைஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு சிட்டிங் போகலாம்னு டாக்டர் சொன்னாங்க, எனக்கு இது போதும்னு நிறுத்திட்டேன்.