காற்றால் குளிரும் இறைப்பு மிசினின் சூட்டைக் கட்டுப்படுத்துவது எப்படி?

வன்னியின் கோடை வெயிலில் மிளகாய்க்கும் கச்சானுக்கும் மணிக்கணக்காக இறைப்பவர்களுக்கு, ரேடியேற்றர் இல்லாத சிறிய பெற்றோல் மிசினின் சூடு பெரிய தலையிடியாகும். சிறிய விமானங்களின் பிஸ்டன் எஞ்சின்களும் பெரும்பாலும் இவ்வாறு காற்றாலேயே குளிர்கின்றன. ஆனால் விமானிக்குச் சிலிண்டர் சூட்டையும் ஒயில் சூட்டையும் காட்ட மானிகள் உண்டு, நமக்கு இல்லை. இக்குறிப்பு ஹொண்டா ஜிஎக்ஸ்160 மிசினையும் அதே அமைப்பில் வருபவற்றையும் பற்றியது.

முதலில் ஒயிலைப் பாருங்கள். மிசினைச் சமதரையில் வைத்து, மூடியோடு உள்ள அளவுகோலைத் துடைத்து, முறுக்காமல் உள்ளே விட்டு எடுக்க வேண்டும். முறுக்கினால் கோல் ஆழமாக இறங்கி, இல்லாத ஒயிலையும் இருப்பதாகக் காட்டும். மொத்தக் கொள்ளளவே ஏறத்தாழ 0.6 லீற்றர் என்பதால் சிறு குறைவும் சூட்டை ஏற்றிவிடும். புது மிசினுக்கு முதல் 20 மணி நேரத்திலும், பின்னர் 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் ஒயிலை மாற்றுங்கள். எங்கள் வெக்கைக்கு எஸ்ஏஈ 30 ஒயிலே என் தெரிவு.

அடுத்தது, பலரும் தொடாமல் விடும் வேலை. இழுகயிற்று மூடியின் வலை வெளியே சுத்தமாகத் தெரிந்தாலும், அதன் பின்னுள்ள விசிறி உறிஞ்சிய புழுதியும் சருகும் ஒயில் கசிவோடு சேர்ந்து சிலிண்டரின் தகடுகளுக்கிடையே களியாக இறுகியிருக்கும். மிசின் நன்றாக ஆறிய பின், இழுகயிற்று மூடியையும் விசிறிக் கூட்டையும் கழற்றி, காய்ந்த தூரிகையாலும் தென்னை ஈர்க்காலும் ஒவ்வொரு இடுக்காகச் சுரண்டுங்கள். திருகாணிச் செலுத்தியை நான் இடுக்குக்குள் விடமாட்டேன். அலுமினியத் தகடு எளிதில் உடையும்.

இடத்தையும் கவனியுங்கள். சுவரிலிருந்து ஒரு மீற்றராவது தள்ளி, புகைக்குழாய் காற்றுப் போகும் பக்கம் பார்க்க வையுங்கள். சோளகம் வீசும்போது மாறி வைத்தால் மிசின் தன் சூட்டையே திரும்ப உறிஞ்சும். கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது, புகையிலுள்ள காபன்மொனொட்சைட்டு ஆளைக் கொல்லும்.

பிற்சேர்க்கை: கூட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் இன்னும் குளிருமே என்று சிலர் கேட்டிருந்தார்கள். குளிராது, விசிறிக் காற்றைச் சிலிண்டரின் மேல் திருப்புவதே அந்தக் கூடுதான். எல்லாம் சரியாக இருந்தும் சூடு ஏறினால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: முனை வெள்ளையாக வெந்திருந்தால் காபரேற்றரில் அடைப்பு ஏற்பட்டுப் பெற்றோல் குறைவாக வருகிறது என்று சந்தேகிக்கலாம்.