குழுவில் சேர்த்தாயிற்று, அப்புறம்?

அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவரைப் பாட்டுக் குழுவிலோ நூலகத் தொண்டிலோ சேர்த்துவிட முனைபவர்கள் நல்ல மனசோடுதான் வருகிறார்கள். ஆனாலும் சறுக்கும் இடம் மாறுவதே இல்லை. கேலி செய்யக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம்.

துணைக்கு வந்தவரே சுவராகிவிடுவது

இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். பாட்டுக் குழுவுக்கு முப்பது வயதுக்காரர் ஒருவர் வருகிறார். பக்கத்திலேயே உதவியாளர். பாட்டுத் தாளைப் பிடிப்பது, பக்கம் புரட்டுவது, தண்ணீர் தருவது எல்லாம் அவரே. "இவருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?" என்று குழுத் தலைவர் கேட்பதும் அவரிடம்தான். சில மாதங்களில் உதவியாளர் வேலை மாறுகிறார். அடுத்த வாரம் பாடகரும் வருவதில்லை. குழுவில் யாரும் அவரோடு பழகவே இல்லை; அதனால் யாரும் தேடுவதுமில்லை.

முதல் வாரத்திலேயே குழுவில் ஒருவரை அவருக்குக் கூட்டாளியாக்குங்கள். தாளை எடுப்பது, இடத்தில் உட்கார்வது, பக்கம் புரட்டுவது, தாளைத் திரும்ப வைப்பது என்று வேலையைச் சிறு படிகளாக எழுதுங்கள். கடைசிப் படியை முதலில் அவரிடம் விடுங்கள்; முடித்த நிறைவு அன்றைக்கே கிடைக்கும். அது கைவந்ததும் அதற்கு முந்தைய படி. அவரால் முடியாததைக் கூட்டாளி பார்த்துக்கொள்ளட்டும். உதவியாளரின் நாற்காலி ஒரு வரிசை பின்னே போகட்டும், பிறகு கதவோரம், பிறகு வெளியே. வலிப்போ விழுங்குவதில் சிரமமோ இருந்தால், என்ன செய்வதென்று கூட்டாளிக்குக் கற்றுக்கொடுக்காமல் உதவியாளர் விலகக் கூடாது.

"ஆமாம்" என்றதும் முடித்துவிடுவது

"வர்றீங்களா?" என்றால், கேட்டவர் மனம் கோணக் கூடாதென்றே பலர் "ஆமாம்" சொல்லிவிடுவார்கள். பாட்டுக் குழு ஒன்று, நூலகம் ஒன்று என்று இரண்டு படங்களைக் காட்டி எது வேண்டும் என்று கேளுங்கள். சற்றுக் கழித்து, படங்களை இடம் மாற்றி மறுபடி கேளுங்கள். பதில் படத்தோடு போகிறதா, இடத்தோடு நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். கேட்டபின் பத்து விநாடியாவது பேசாதிருங்கள். நடுவில் வேறு மாதிரி கேட்டால் அவர் முதலிலிருந்து யோசிக்க வேண்டிவரும்.

கொஞ்சல் குரல்

வேண்டாம். அவர் பெரியவர்.

அவர்களுக்கென்று தனி நாள்

பொதுமக்களுக்கான சேவைகள் மாற்றுத்திறனாளிகளுக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது, 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு. எல்லோரும் வரும் நாளிலேயே இடம் கேளுங்கள்.

சும்மா உட்கார வைப்பது

அவர் வராவிட்டால் மற்றவர்களுக்குக் கை ஒடிந்ததுபோல் ஆகும் வேலை ஒன்றைக் கொடுங்கள். பாட்டுத் தாள்களை விநியோகிப்பது நல்ல தொடக்கம். ஒவ்வொருவர் முன்னாலும் போய் நிற்பார், பெயர்களும் பழகும்.