ஆறரைக்குப் பொழுது பட்டுவிடும்: கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு

மூன்று வருடத்துக்கு முதல், ஜூலை மாதம். ஒஸ்லோவிலிருந்து யாழ்ப்பாணத்தில் உள்ள எங்கள் ஊருக்கு வந்து இரண்டாம் நாள். பிள்ளைகளைக் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போக வெளிக்கிட்டோம். அக்கா படலையடியில் நின்று கேட்டா: "இந்த நேரத்திலயோ? பொழுது படப்போகுதெல்லே." மணிக்கூட்டைப் பார்த்தேன். ஐந்து. ஒஸ்லோவில் ஜூலை மாதத்து ஐந்து மணி என்றால் பகலின் நடுப்பகுதி போல. வேலையால் வந்து சாப்பிட்டுவிட்டு, பிறகு பூங்காவுக்குப் போய், பிறகும் வெளிச்சம் மிச்சம் இருக்கும். "கெதியா வந்திடுவம்" என்று சொல்லிவிட்டு ஓட்டோவில் ஏறினோம்.

பிள்ளைகள் கடலில் இறங்கி விளையாடியது அரை மணித்தியாலம்தான். சூரியன் தண்ணீரைத் தொட்டபோது எல்லாரும் படம் எடுத்தோம். உடுப்பு மாற்றி, காலில் ஒட்டிய மண்ணைக் கழுவிக்கொண்டு வர, பக்கத்தில் நின்றவரின் முகம் தெரியவில்லை. திரும்பும் வழியில் பொன்னாலைப் பாலம். இரண்டு பக்கமும் கறுத்த தண்ணீர். எதிரில் வந்த வாகனத்தின் வெளிச்சம் கண்ணைக் கூச வைத்த அந்தக் கணத்தில், எங்களுக்கு முன்னால் விளக்கே இல்லாத ஒரு சைக்கிள். பின்னால் மீன்பெட்டி கட்டியிருந்தது. ஓட்டோக்காரத் தம்பி பிடித்த பிரேக்கில் என் மகளின் நெற்றி முன்கம்பியில் அடிபட்டு வீங்கிப்போனது. சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் பாட்டில் போனார். அவருக்கு அது ஒவ்வொரு நாளும் போய்வருகிற பாதை. நேரம் தெரியாமல் வந்தவர்கள் நாங்கள்தான்.

அன்றிலிருந்து ஊருக்குப் போகிற எவரைக் கண்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். வெயிலுக்குத் தொப்பி, வயிற்றுக்கு மருந்து எல்லாம் எல்லாரும் எடுத்துப் போவார்கள். பொழுது படுகிற நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கணக்கு இதுதான். யாழ்ப்பாணத்தில் வருடத்திலேயே பிந்திச் சூரியன் மறைகிற காலம் ஜூலை. அப்போதும் மாலை 6.35 அளவில் மறைந்துவிடும். ஆக முந்தி மறைவது நவம்பர் நடுப்பகுதியிலிருந்து கடைசி வரை, 5.45 அளவில். வருடம் முழுவதும் பார்த்தாலும் வித்தியாசம் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஜூன் மாதத்தில் ஒஸ்லோவில் இரவு பத்தே முக்காலுக்கும், லண்டனில் ஒன்பது இருபதுக்கும், ரொறன்ரோவில் ஒன்பது மணிக்கும் மறைகிற சூரியன் இது.

மறைகிற நேரத்தைவிட மறைகிற விதம்தான் ஆளை ஏமாற்றும். வடக்கு நாடுகளில் சூரியன் சரிந்து சரிந்து, அடிவானத்தோடு உரசிக்கொண்டு போகும். அதனால் மறைந்த பிறகும் நெடுநேரம் வெளிச்சம் நிற்கும். ஒஸ்லோவில் ஜூன் மாத இரவு முழுதாக இருளுவதே இல்லை. யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. அங்கே சூரியன் கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி நேராகக் கீழே இறங்கும். மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் விளக்கில்லாமல் வேலை செய்ய முடியாது. அந்தக் குறுகிய இடைவெளிக்குத்தான் எங்கள் ஆட்கள் மம்மல் பொழுது என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதை நம்பி ஒரு திட்டமும் போடாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. வெளிநாட்டில் சூடும் நீண்ட மாலையும் ஒன்றாகவே வரும். கோடை என்றால் இரண்டும். பல வருடம் அப்படி வாழ்ந்த உடம்பு, தோலில் வெயில் பட்டவுடன் "இன்னும் நேரம் கிடக்கு" என்று எண்ணிக்கொள்கிறது. ஊரில் சூடு இருக்கும், நேரம் இராது. இதைப் புத்தியால் தெரிந்துகொள்வது சுகம். உடம்புக்குப் பழக ஒரு கிழமை வேண்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில் குடாநாட்டிலிருந்து வெளிக்கிட்டவர்கள் சிலர், "எங்கட காலத்தில ஏழு மணிக்கும் வெளிச்சம் இருந்தது" என்பார்கள். அவர்கள் சொல்வது பிழையில்லை. 1996 இல் மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக இலங்கையில் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினார்கள். வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. பழைய நேரமா புதிய நேரமா என்று கேட்டுக் கேட்டு ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். அந்தப் பத்து வருட நினைவை வைத்துக்கொண்டு இப்போது போனால் அரை மணித்தியாலம் பிந்துவீர்கள்.

சரி, என்ன செய்வது? பகலை முன்பக்கமாக நகர்த்துங்கள். என்னிடம் உள்ள ஆலோசனை இது ஒன்றுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது. ஜூலையில் ஊரில் காலை ஆறு மணிக்கு முதலே சூரியன் வந்துவிடும். ஐந்தரைக்கு நிலம் தெரியும். அந்த நேரத்தில் ஊர் முழுக்க எழும்பி முற்றம் கூட்டி, கிணற்றடியில் தண்ணீர் அள்ளி, சந்தைக்குக் கிளம்பியிருக்கும். நாங்களோ பத்து மணிக்கு எழும்பி, குளித்து, இடியப்பம் சாப்பிட்டு, பதினொன்றரைக்கு உச்சி வெயிலில் வெளிக்கிடுகிறோம். மூன்று மணிவரை வெயிலில் காய்ந்து களைத்துப் படுத்து, ஐந்து மணிக்குக் கண் விழித்தால் பகல் முடிந்துவிட்டது. இப்படி இரண்டு கிழமை போனவர்கள்தான் "ஒன்றையும் பார்க்கக் கிடைக்கேல்லை" என்று சொல்லித் திரும்புகிறவர்கள்.

ஊர்க்காரர் நடக்கிற மாதிரி நடந்து பாருங்கள். விடிய ஐந்தரையிலிருந்து பத்து மணிவரை வெளிவேலை: சந்தை, கோயில், கீரிமலைக் குளிப்பு, காணி பார்ப்பது. பதினொன்றிலிருந்து மூன்றரை வரை நிழல்: சாப்பாடு, நித்திரை, பழைய அல்பம், பெரியவர்களோடு கதை. நாலு மணியிலிருந்து ஆறு வரை மறுபடி வெளியே. உறவினர் வீட்டுக்குப் போவதென்றால் இந்தப் பின்னேரந்தான் நல்லது. பிளேன்ரீ குடித்து, கதைத்து, வெளிச்சத்தோடு திரும்பலாம். ஏழரைக்குப் போய்க் கதவைத் தட்டினால் அவர்களுக்கும் கஷ்டம். புட்டு அவித்துச் சாப்பிட்டு ஒன்பதரைக்குப் படுக்கிற வீடுகள் அதிகம்.

பயணக்களைப்பு இந்தத் திட்டத்தைக் குழப்பும். கோடையில் நோர்வேயிலிருந்து மூன்றரை மணித்தியாலம், இங்கிலாந்திலிருந்து நாலரை, ரொறன்ரோவிலிருந்து ஒன்பதரை மணித்தியாலம் ஊர் முன்னால் நிற்கிறது. லண்டனில் காலை எட்டுக்கு எழும்பிப் பழகிய உடம்புக்கு ஊரில் பன்னிரண்டரைக்குத்தான் விடியும். அதன்பிறகு பொழுது பட ஆறே மணித்தியாலம். ஆகவே புறப்படுவதற்கு நாலைந்து நாள் முதலே தினமும் அரை மணித்தியாலம் முந்திப் படுத்து முந்தி எழும்புங்கள். வந்த முதல் நாட்களில் முற்பகல் வெளிச்சத்தில் மரநிழலில் இருங்கள். பகல் நித்திரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். இரவில் கைத்தொலைபேசியைத் தூர வையுங்கள். ரொறன்ரோவிலிருந்து வருகிறவர்கள் முதல் மூன்று நாளுக்கு ஒரு முக்கிய வேலையும் வைக்காமல் இருப்பது நல்லது.

இனித் தெருவுக்கு வருவோம். ஊர் ஒழுங்கைகளில் தெருவிளக்கு இருக்கும், இராது. விளக்கில்லாத சைக்கிள், குறுக்கே ஓடுகிற நாய், ஒழுங்கை முடக்கில் திடீரென்று வருகிற மோட்டார்ச் சைக்கிள் எல்லாம் மம்மலில்தான் கூடுதலாக ஆபத்து, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிறது என்று நாங்கள் நினைக்கிற நேரம் அது. கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் பிடித்து வருகிறவர்கள் வன்னிப் பகுதியை வெளிச்சத்தோடு கடக்கப் பாருங்கள். இரவில் தார் வீதியின் கணகணப்புக்கு மாடுகள் வந்து படுத்திருக்கும். கறுப்பு மாட்டைக் கறுப்புத் தெருவில் கடைசி நிமிடத்தில்தான் காணலாம். பின்னேரத்தில் வந்திறங்கினால் இரவைக் கொழும்புப் பக்கத்தில் கழித்துவிட்டு விடிய வெள்ளெனப் புறப்படுங்கள்.

நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போனால், குறிகட்டுவானில் படகு ஏற முதல் கேட்கவேண்டிய கேள்வி, "திரும்பக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு?" என்பது. கேட்டுவிட்டு அதற்கு முந்திய படகில் திரும்புங்கள். கடற்காற்று மாறினால் நேரமும் மாறும். ஊர்ப் பக்கத்து பஸ்களும் பொழுது பட்டபின் அருகிவிடும். திரும்பி வர ஓட்டோ ஒன்றைப் போகும்போதே பேசி வைப்பது புத்தி.

காலடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "இருட்டில பூச்சி பொட்டு திரியும்" என்று அம்மாமார் சொல்வது பாம்பைத்தான். இரவில் அதன் பெயரைச் சொல்லக்கூடாதென்று அப்படிச் சொல்வார்கள். விரியனும் (கட்டுவிரியன்) புடையனும் (கண்ணாடி விரியன்) குடாநாட்டில் உள்ளவைதான், இரவில் நடமாடுகிறவைதான். நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவர்களை விரியன் கடிப்பது நடக்கிற விஷயம். கடித்த இடத்தில் பெரிதாக வலிகூட இராது, அதனாலேயே பேசாமல் இருந்துவிடுவார்கள். ஆகவே பழைய வீட்டில் தங்குகிறீர்கள் என்றால் கட்டிலில், நுளம்பு வலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள். முற்றத்தில் கால் வைக்க முதல் ரோச் லைற்றை அடியுங்கள். கிணற்றடிக்கோ வெளிக் கழிவறைக்கோ செருப்பில்லாமல் போகாதீர்கள். ஒருவேளை கடித்துவிட்டால் வெட்டக்கூடாது, உறிஞ்சக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது. ஆளை அசையவிடாமல் நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அந்த எண்ணைப் பிள்ளைகளின் தொலைபேசியிலும் பதிந்து வையுங்கள்.

நுளம்புக்கு இரவுதான் நேரம் என்று எண்ண வேண்டாம். டெங்கைப் பரப்புகிற நுளம்பு பகலில் கடிக்கும். விடிந்து கொஞ்ச நேரத்திலும், பொழுது பட முந்திய ஒன்றிரண்டு மணித்தியாலத்திலும் கூடுதலாகக் கடிக்கும். நாங்கள் கடற்கரையிலும் முற்றத்திலும் அரைக்காற்சட்டையோடு நிற்கிற அதே பின்னேரம். நாலு மணிக்கே பூசவேண்டியதைப் பூசுங்கள், முழங்காலை மூடுகிற உடுப்புப் போடுங்கள். மம்மலுக்கு முதல் யன்னல்களைச் சாத்திவிட்டு, இருட்டியபின் வேண்டுமானால் திறக்கலாம்.

வயதான தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், அல்லது ஓய்வுக்குப் பிறகு ஊரிலேயே இருந்துவிட எண்ணுகிறவர்கள், போய்ச் சேர முதலே அங்குள்ள ஒருவரைக் கொண்டு திண்ணைப் படிக்கு ஒரு பல்ப், கழிவறை வழிக்கு ஒரு பல்ப், கட்டில் தலைமாட்டில் ஒரு ரோச் லைற் என்று ஆயத்தம் செய்யுங்கள். கரண்ட் போனால் எது எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டும். வெளிநாட்டில் வெளிச்சமான வீட்டில் இருந்து பழகிய கண்ணுக்கு ஊர் இருட்டு மிகவும் அடர்த்தி. விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது இப்படியும் தொடங்கலாம், ஒரு படி தெரியாமல்.

வேலையையும் கொண்டுபோகிறவர்களுக்கு: ஒஸ்லோவில் காலை ஒன்பது மணி கோடையில் ஊரில் பன்னிரண்டரை. மாலை நாலு மணிக்கு வேலை முடிந்தால் ஊரில் ஏழரை. பின்னேர வெளிச்சம் முழுவதும் கணினிக்குப் போய்விடும். காலையை முழுதாக ஊருக்குக் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாதம் ஊரில் இருந்தும் சூரியனைக் காணாத ஆளாவீர்கள்.

முதல் சில நாட்களுக்கு ஆறரைக்குப் பிறகு ஒரு கனம் நெஞ்சில் ஏறும். எனக்கும் ஏறியது, என் மனைவிக்கும் ஏறியது. விடுமுறையில் இருக்கிறோம், ஆனால் கதவு சாத்தியாகிவிட்டது என்ற உணர்வு. வீட்டுக்குள் தொலைபேசியோடு முடங்கினால் அது கூடும். விளக்கு வைக்கிற நேரத்தில் சாமியறையில் போய் நில்லுங்கள். பக்கத்துக் கோயில் மாலைப் பூசைக்கு மணி அடித்தால் நடந்து போங்கள். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழா நடக்கிற இருபத்தைந்து நாளும் இருட்டியபிறகும் வீதி வெளிச்சமாகவும் ஆட்களாகவும் இருக்கும். கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டு நடக்கலாம். பிள்ளைகளுக்கு இரவை அங்கே பழக்குவது சுகம்.

நவம்பர், டிசம்பரில் போகிறவர்களுக்கு நிலைமை வேறு. ஒஸ்லோவில் டிசம்பரில் மூன்றே காலுக்குச் சூரியன் மறைந்துவிடும், லண்டனில் நாலு மணிக்கு முதல். அங்கிருந்து போகிறவர்களுக்கு ஊரின் ஆறு மணி ஒரு வரம்தான். ஆனால் அது மாரி மழைக் காலம். மேகம் மூடினால் ஐந்து மணிக்கே இருட்டும், டெங்கும் அந்த மாதங்களில்தான் கூடும். மழை விட்ட மாலையில் ஈசல் எழும்பினால் வெளிவிளக்கை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சோற்றுக் கோப்பைக்குள்ளும் வரும். பொழுது ஆக முந்திப் படுகிற நாட்களை ஒட்டித்தான் கார்த்திகை விளக்கீடும் வருகிறது. வாழைக்குற்றி நட்டுச் சிட்டி வைத்து ஏற்றுகிற அந்த மாலையில் ஊரில் நிற்கக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

கடைசியாகப் பிள்ளைகள் விஷயம். என் மகள் ஒஸ்லோவில் கோடையில் நட்சத்திரம் கண்டதில்லை. நெற்றி வீக்கம் வற்றிய நாலாம் நாள் இரவு கரண்ட் போனது. அக்கா முற்றத்தில் கதிரைகளை இழுத்துப் போட்டா. வளவைச் சுற்றிப் பனைகள். மேலே பார்த்த பிள்ளை, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாமி, இது எல்லா நாளும் இருக்குமா?" என்று கேட்டாள். "மழை இல்லாத நாளெல்லாம் இருக்கும் குஞ்சு" என்றா அக்கா. எட்டரை மணிக்குக் கரண்ட் வந்தபோது விளக்கைப் போடவேண்டாம் என்று மகள் கத்தினாள். அடுத்த நாள் ஐந்தரைக்கு அவளாகவே எழும்பி, அக்காவோடு முற்றம் கூட்ட விளக்குமாறும் கையுமாக நின்றாள்.