பூட்டிய வீடும் கணக்கில் வரவேண்டும்: டெங்குத் தடுப்பு பலன் தந்ததா என்று பார்ப்பது எப்படி?

மருந்து ஊற்றினோம், தொட்டியைக் கழுவினோம் என்பதற்கு நோட்டு இருக்கிறது. அதனால் காய்ச்சல் குறைந்ததா என்று அந்த நோட்டு மட்டும் சொல்லாது. செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் சுகாதார ஆய்வாளராக இருக்கிற நான் மூன்று கணக்குகளைச் சேர்த்துப் பார்ப்பேன்: பேரூராட்சியின் வீட்டு வரிப் பட்டியல், கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களின் தினசரி நோட்டு, மருத்துவமனைகள் ஐ.எச்.ஐ.பி. என்ற அரசின் நோய்க் கண்காணிப்பு இணையதளத்தில் ஏற்றும் காய்ச்சல் விவரம்.

ஆள் பெயரை வைத்து இணைக்காதீர்கள். இங்கே தாத்தா பெயர் பேரனுக்கு வரும். ஒரே வீட்டில் பல புள்ளிகளுக்கு, அதாவது தனித்தனிக் குடும்பங்களுக்கு, பங்கு இருக்கும். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில் என்பதால் ஒரே வீடு இரண்டு முகவரியில் பதிவாகிவிடும். வரிவிதிப்பு எண்ணை அடிப்படையாக வையுங்கள். பங்குவாரியாகப் பல எண்கள் இருந்தால் அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே அடையாள எண் கொடுங்கள். இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், அவசரப்படக் கூடாது.

அடுத்தது, செட்டிநாட்டில் கணக்கையே புரட்டிப் போடும் விஷயம்: பூட்டிய வீடுகள். ‘புழு உண்டு’, ‘புழு இல்லை’ என்ற இரண்டு கட்டங்கள் போதாது, ‘பூட்டு’ என்று மூன்றாவதும் வேண்டும். உதாரணத்துக்கு, 100 வீடுள்ள பகுதியில் 60 வீடுகள் திறந்திருந்து, 6 வீடுகளில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு, அதாவது பார்த்த வீடுகளில் புழு இருந்தவற்றின் பங்கு, 10 சதவீதம். பூட்டியவற்றையும் ‘இல்லை’ என்று சேர்த்தால் அது 6 ஆகிவிடும். உள்ளேயோ வளவில் (வீட்டு நடுவிலுள்ள திறந்த முற்றத்தில்) மழை நேராக விழுகிறது, இலை அடைத்த வடிகாலிலும் கவிழ்க்காத அண்டாவிலும் தண்ணீர் நிற்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை ஈரமில்லாமலே பல மாதம் தாங்கும். அதனால் பூட்டிய வீட்டைச் சுற்றியுள்ள வீடுகளில் காய்ச்சல் கூடுதலா என்று தனியே பாருங்கள்.

நாள் கணக்கும் முக்கியம். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். கிருமி கொசுவின் உடலில் வளர ஏறக்குறைய அதே அளவு நாள். கடித்தபின் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள். ஆகவே இந்த வாரம் செய்த வேலையின் பலனை மூன்று, நான்கு வாரம் கழித்து வரும் காய்ச்சலில் தேடுங்கள்.

காய்ச்சல் கண்ட தெருவுக்குத்தான் பணியாளர்கள் முதலில் போவார்கள். அப்படியே ஒப்பிட்டால் வேலை நடந்த இடத்தில்தான் நோய் அதிகம் என்று தெரியும், அது வேலையின் குறையல்ல. முன்பு ஒரே அளவு காய்ச்சல் இருந்த தெருக்களை எடுத்து, வேலை நடந்ததையும் இன்னும் முறை வராததையும் அதே வாரங்களில் ஒப்பிடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தால் நோய் தானாகவே தணியும். தை மாதக் குறைவை நம் கணக்கில் எழுதிக்கொள்வது நியாயமில்லை.

பரிசோதனை குறைந்தாலும் நோய் குறைந்ததுபோல் தெரியும். எத்தனை பேருக்குப் பார்த்து எத்தனை பேருக்கு உறுதியானது என்றே எழுதுங்கள். காய்ச்சலின் முதல் 5 நாளுக்குள் என்.எஸ்.1 (கிருமியின் புரதத்தைத் தேடுவது), பிறகு ஐ.ஜி.எம். (உடலின் எதிர்ப்புப் பொருளைத் தேடுவது) என இரண்டு ரத்தப் பரிசோதனையும் எலிசா என்ற ஆய்வக முறையில் எடுத்தவரை ஒருவராகவே எண்ணுங்கள். முந்தைய இரண்டு வாரம் எங்கே இருந்தார் என்றும் கேளுங்கள். கல்யாணத்துக்குச் சென்னையிலிருந்து வந்தவரின் காய்ச்சல் நம் தெருவில் தொற்றியதாக இருக்காது.

இணைத்து முடித்ததும் பெயர், செல்பேசி எண்ணை நீக்கிவிட்டு, கூட்டத்தில் தெரு அளவில் மட்டும் காட்டுங்கள். எந்த வீட்டில் காய்ச்சல் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. பூட்டிய வீடுகளின் பட்டியலைத் தனியாக எடுத்து, சாவி யாரிடம் என்று ஒரு கட்டம் சேர்த்து, ஐப்பசி மழைக்கு முன்பே பேரூராட்சி செயல் அலுவலரிடம் கொடுத்துவிடுங்கள்.